ஆடாதவனுக்குப் பதக்கம் எதற்கு?

இக்கேள்வி அண்மையில் வட சிலாங்கூர்த் தோட்டமொன்றின் காற்பந்துத் திடலில், பரிசளிப்பு மேடையிலேயே எழுந்தது. வென்ற குழுவில் பெயர் பதிந்தவர் 16 பேர்; மேடைக்கு வந்த பதக்கங்களோ 15. விடுபட்டவன் இரண்டாம் கோல் காவலன். பகலெல்லாம் செம்பனைக் குலை சுமந்துவிட்டு, மாலை தவறாமல் பயிற்சிக்கு வந்த பிள்ளை அவன். "ஒரு நிமிஷமும் ஆடாதவனுக்குப் பதக்கம் எதற்கு?" என்றார் ஒரு நிர்வாகி. "அவன் தலைவிதி!" என்று ஒரு பெரியவர் தீர்ப்பே கூறிவிட்டார். கூட்டமும் கைதட்டிக் கலைந்தது.

தோழர்களே! இதில் விதிக்கு என்ன வேலை? 15 போதுமென்று எண்ணி வாங்கியவர் மனிதரேயன்றிக் கடவுள் அல்லர். தோட்டத்தில் கணக்கெழுதிப் பிழைப்பவன் என்ற முறையில் சொல்கிறேன்: ஆள் கணக்கில் ஒரு பெயரை விட்டுவிட்ட கிராணி, அப்பிழையை விதியின் பேரில் எழுதித் தப்ப முடியாது.

நிற்க. ஆட்டத்தின் நியாயத்தையே பார்ப்போம். ஓடியாடும் ஒருவன் களைத்தால் மாற்றாள் இறங்குகிறான். கோல் கம்பத்தினிடையே இடம் ஒன்றே. அங்கு நிற்பவனை எளிதில் மாற்றுவதில்லை. ஆகவே இரண்டாமவன் பருவம் முழுவதும் காத்திருக்கிறான். அக்காத்திருப்பு சோம்பலா? பயிற்சியில் நம் தாக்கு வீரர்கள் உதைக்கும் பந்துகளை மார்பிலும் முகத்திலும் ஏற்பவன் அவன். முதற் காவலனுக்குப் பந்தெறிந்து கை பழக்குபவனும் அவன். முதற் காவலன் அஞ்சாமற் பாய்வதற்கு, தான் வீழ்ந்தாலும் கம்பம் வெறுமையாகாது என்னும் துணிவே காரணம். அத்துணிவைத் தந்தவனுக்கா பதக்கமில்லை?

இத்தவற்றை உலகமே செய்ததுண்டு. 1966-இல் உலகக் கிண்ணத்தை வென்ற இங்கிலாந்துக் குழுவில் 22 பேர். இறுதி ஆட்டத்தில் இறங்கிய 11 பேருக்கே அன்று பதக்கம் கிடைத்தது. மாற்றுக் கோல் காவலர்களான ரான் ஸ்பிரிங்கெட்டும் பீட்டர் பொனெட்டியும் வெறுங்கையுடன் திரும்பினர். காத்திருந்தோருக்கும் பதக்கம் உரியதென்று ஃபிஃபா பின்னர் ஒப்புக்கொண்டது. 2009-இல் லண்டனில் அவை வழங்கப்பட்டன. இடையிற் கழிந்தவை 43 ஆண்டுகள்! நம் பிள்ளையும் அத்தனை காலம் காத்திருக்க வேண்டுமா?

"தேவைப்படும்போது பார்த்துக்கொள்வோம்" என்பாரும் உளர். இங்கிலாந்தின் நான்காம் தரக் குழுவாகிய கார்லைல் யுனைடெட், 1999-இல் கோல் காவலரின்றித் தவித்தது. சுவிண்டன் குழுவில் வாய்ப்பின்றி இருந்த ஜிம்மி கிளாஸ் என்பவரை இரவல் வாங்கிற்று. மே 8-ஆம் நாள், பருவத்தின் கடைசி ஆட்டத்தின் கடைசிக் கணத்தில், தம் கம்பத்தை விட்டு எதிரியின் எல்லைவரை ஓடிச்சென்று அவரே கோல் அடித்தார். லீக்கினின்று வெளியேற இருந்த குழு பிழைத்தது. கார்லைலுக்கு அவர் ஆடியவை மூன்றே ஆட்டங்கள். பின்னாளில் டாக்சி ஓட்டிப் பிழைத்தார். தோளில் தூக்கிக் கொண்டாடியது ஒருநாட் புகழ். அது சோறு போடவில்லை.

"அஃது வெள்ளைக்காரன் கதை" என்பீரேல், நம் சிலாங்கூரின் ஆறுமுகத்தை எடுத்துக்கொள்வோம். 'ஸ்பைடர்மேன்' என்று இந்நாடே கொண்டாடிய கோல் காவலர். 1980-இல் மெர்டேக்கா அரங்கில் தென் கொரியாவை 2-1 என வென்று, மாஸ்கோ ஒலிம்பிக்கிற்குத் தகுதிபெற்ற குழுவின் காவலர் அவர். சோவியத் படை ஆப்கானிஸ்தானில் புகுந்ததைக் கண்டித்து மலேசியா அவ்வொலிம்பிக்கைப் புறக்கணித்தது. மாஸ்கோவில் ஆறுமுகம் ஒரு நிமிஷமும் ஆடவில்லை. 1988-இல், 35 வயதில், சாலை விபத்தில் மறைந்தார். ஆடாதவர் என்று அவரைத் தள்ளினோமா? இல்லையே! அவ்வரலாற்றைத் தழுவி 2016-இல் வந்த 'ஓலா போலா' படத்தைக் கண்டு கண்ணீர் வடித்தோம். தகுதியிருந்தும் ஆட முடியாமற்போனது ஆறுமுகத்துக்கு அநியாயம் என்றால், தோட்டத்துப் பிள்ளைக்கு மட்டும் அது தலைவிதியாவது எப்படி?

ஆகவே நாம் கேட்பது தருமமன்று, கணக்கு. பெயர் பதிந்த அனைவருக்கும் பதக்கம் வேண்டும். வெற்றி உறுதியான ஆட்டங்களில் இரண்டாம் காவலனுக்குப் பாதி ஆட்டமேனும் தரவேண்டும். ஓடத் தெரியாதவனைக் கோலில் நிறுத்தும் பழக்கம் ஒழிந்து, அவ்விடத்துக்கும் முறையான பயிற்சி வேண்டும். இவற்றுள் எதற்கும் கோயிலில் தேங்காய் உடைக்கத் தேவையில்லை. முதலில் அந்த 16-ஆவது பதக்கத்தை வாங்கி, அதே திடலில், அதே கூட்டத்தின் முன்னிலையில், அப்பிள்ளையின் கழுத்தில் அணிவியுங்கள். விதியைப் பற்றிப் பிறகு பேசுவோம்.