மூச்சு யந்திரமும் முதல் மாதமும்

குறட்டை விடுவோரைக் கும்பகருணன் என்று கேலி பேசுவது நம் நாட்டில் நெடுநாளைய வழக்கம். கம்பநாடர் தம் காவியத்தை அரங்கேற்றிய இடமென்று மரபு கூறும் திருவரங்கத்திலும் இக்கேலிக்குக் குறைவில்லை. ஆழ்ந்து உறங்குகிறவனே குறட்டை விடுவான் என்ற எண்ணமே இதற்குக் காரணம். ஆனால் உரத்த குறட்டை, பல வேளைகளில், உறக்கம் கெட்டுப்போனதற்கு அடையாளமேயாகும்.

உறக்கத்தில் தொண்டைத் தசைகள் தளர்ந்து மூச்சுப்பாதை மூடிக்கொள்கிறது. மார்பும் வயிறும் எவ்வளவு முயன்றும் காற்று உட்புகுவதில்லை. இரத்தத்தில் பிராணவாயு குறையவே, மூளை திடுக்கிட்டு உடலை அரைகுறையாக எழுப்புகிறது. ஒரு பெருமூச்சோடு பாதை திறக்கிறது. மீண்டும் உறக்கம், மீண்டும் அடைப்பு. மூச்சு நிற்பதும் பெரிதும் குன்றுவதும், ஒவ்வொன்றும் 10 விநாடியேனும் நீடிப்பவை, மணிக்கு 5 முறைக்கு மேல் நேருமாயின் வைத்தியர்கள் அதைக் கவனிக்கத்தக்கதாகக் கொள்கின்றனர். 30 முறையை எட்டினால் நோய் கடுமையானது. நோயாளி இதை அறிவதில்லை; அருகில் படுத்திருப்பவரே அறிவார். பெண்களிடமும் இந்நோய் உண்டு. ஆனால் வீட்டு வேலையின் களைப்பு என்று சொல்லி அதனைத் தள்ளிவிடுகிறோம்.

இரவில் நூறு முறை விழித்தவனுக்குப் பகலில் கண் சொருகாமல் இருக்குமா? உறையூரில் குழித்தறியின் முன் அமர்ந்திருப்பவர் கண்ணயர்ந்தால் அறுந்த இழை தெரியாமல் சேலை பழுதாகும். தொட்டியம், லால்குடிப் பக்கத்திலிருந்து வாழைத்தார் ஏற்றிக்கொண்டு, விடியுமுன் காந்தி மார்க்கெட்டை நோக்கி வண்டி ஓட்டுபவர் கண்ணயர்ந்தால் போவது உயிர். 2022 பிப்ரவரியில் பம்பாயில் காலமான திரைப்பட இசையமைப்பாளர் பப்பி லஹிரிக்கு இந்நோய் இருந்ததைப் பத்திரிகைகள் வெளியிட்டபோதுதான் பலர் இதன் பெயரையே முதன்முதலாகக் கேள்வியுற்றனர்.

ஒரு காலத்தில் இதற்குத் தொண்டையில் துளையிடுவதே முக்கிய சிகிச்சை. ஆஸ்திரேலியாவில் சிட்னி நகரத்து வைத்தியர் காலின் சல்லிவன் 1981-இல் வேறு வழியை வெளியிட்டார். மூக்கின் வழியே காற்றை ஓரளவு அழுத்தத்துடன் இடைவிடாது செலுத்தினால், அக்காற்றே மூச்சுப்பாதையை மூடவிடாமல் தாங்கி நிற்கும். இதுவே சீபாப் யந்திரம். இது பிராணவாயு யந்திரம் அன்று. சாதாரணக் காற்றையே செலுத்துகிறது. இதைப் பூட்டிக்கொண்டால் பிறகு தானாக மூச்சுவிட முடியாமற் போகும் என்று சிலர் அஞ்சுவது வீண் அச்சம்.

யந்திரம் வாங்குவதோடு காரியம் முடிந்துவிடாது என்பதே நாம் முக்கியமாகச் சொல்ல விரும்புவது. இந்தியா உட்பட ஏழு நாடுகளில் நடந்து 2016-இல் வெளியான ஓர் ஆராய்ச்சியில், யந்திரம் பெற்றோர் சராசரியாக இரவுக்கு 3.3 மணி நேரமே அதை அணிந்தனர். அவர்களுக்குப் பகல் தூக்கம் குறைந்தது, மனம் தெளிந்தது, ஆனால் மாரடைப்பும் பக்கவாதமும் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆகவே, இது இருதயத்தைக் காத்துவிடும் என்று விற்பனையாளர் வாக்களித்தால் நம்ப வேண்டாம். பகலில் விழிப்போடு உழைக்கலாம் என்பதே நாம் உறுதியாக எதிர்பார்க்கக் கூடியது. அதுவும் இரவு முழுவதும் அணிபவர்க்கே.

பலரும் கைவிடுவது முதல் மாதத்தில்தான். முகத்தில் எதையோ கட்டிக்கொண்டு படுப்பது யாருக்கும் எளிதன்று. பகலில், விழித்திருக்கும்போதே, வானொலி கேட்டுக்கொண்டு அரைமணி நேரம் அணிந்து பழகிய பின் இரவுக்குச் செல்வது நல்லது. குறைந்த அழுத்தத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏறும் வசதி யந்திரத்திலேயே உண்டு. காற்றுக் கசிந்தால் வாரை மேலும் இறுக்குவது தவறு. மூக்குத்தண்டு புண்ணாவதே மிச்சம்; மூடியின் அளவை மாற்ற வேண்டும். வாயால் மூச்சுவிடுவோர்க்கு வாயையும் சேர்த்து மூடும் வகை உண்டு. மூக்கு வறண்டால் காற்றை ஈரமாக்கும் தொட்டியைப் பொருத்தலாம். அதில் காய்ச்சி வடித்த நீரையே ஊற்ற வேண்டும், ஆழ்குழாய்க் கிணற்று நீரை ஊற்றினால் உப்புப் படியும். நெசவாளர் வீடுகளில் தறிக்கு அருகிலேயே படுக்கை. பறக்கும் பஞ்சுத்தூசி காற்று வடிகட்டியை விரைவில் அடைத்துவிடும். ஆதலால் அடிக்கடி அதைப் பார்க்க வேண்டும். மின்சாரம் நின்றால் யந்திரமும் நிற்கும் என்பதைக் கிராமத்தார் முன்கூட்டியே எண்ணிப் பார்ப்பது நலம்.

இங்கேதான் சங்கத்தின் கடமை வருகிறது. யந்திரத்தின் விலை பல ஆயிரம் ரூபாய். அதற்காகத் தாலிக்கொடியை அடகு வைத்து வாங்கி, பத்தாம் நாள் பரணில் ஏற்றிவிட்டால் கடன் மட்டும் கீழே நிற்கும். நமது சங்கங்களின் துணைவிதிகள் இடந்தருமாயின், தறிக்கும் பம்புசெட்டுக்கும் கொடுப்பதுபோல் இதற்கும் தவணைக் கடன் கொடுக்கலாம். ஆனால் மூன்று நிபந்தனைகள் வேண்டும். வைத்தியர் உறக்கப் பரிசோதனை செய்து எழுதிக் கொடுத்திருக்க வேண்டும். திருச்சிராப்பள்ளி மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனையில் முதலில் காட்டிக் கேட்கலாம். விற்பவர் ஒரு மாதம் பரீட்சார்த்தமாகக் கொடுத்து, அதற்குள் மூடியை மாற்றித் தரவும், பொருந்தாவிடில் யந்திரத்தைத் திரும்பப் பெறவும் இசைய வேண்டும். தனி ஒருவர் கேட்டால் வியாபாரி சிரிப்பார். பத்து அங்கத்தினருக்காகச் சங்கம் கேட்டால் யோசிப்பார். யாரோ பயன்படுத்திய பழைய யந்திரத்துக்குக் கடன் கூடாது. பிலிப்ஸ் கம்பெனி 2021 ஜூனில், உள்ளிருக்கும் நுரைப்பஞ்சு சிதைந்து மூச்சுக்காற்றில் கலக்கக்கூடும் என்று தன் யந்திரங்கள் பலவற்றைத் திரும்ப அழைத்தது. அவற்றில் ஒன்று மலிவு விலையில் நம் வீட்டுக்கு வந்து சேரலாகாது.

வரும் மகாசபையில் இந்த நிபந்தனைகளோடு தீர்மானம் கொண்டுவர அங்கத்தினர் எவரேனும் முன்வர வேண்டுகிறோம். அதற்கு முன், வீட்டில் யார் குறட்டையினூடே மூச்சு நின்று திணறுகிறார் என்பதை இரண்டு இரவுகள் விழித்திருந்து கவனித்து வைத்தியரிடம் சொல்வதற்குப் பணம் ஏதும் தேவையில்லை.