பனிமூட்டத்துக்குப் பணம் திருப்பித் தர வேண்டுமா?

ஹோட்டன் சமவெளியின் நுழைவாயிலில் பணம் கட்டி உள்ளே சென்று, 'உலக முடிவு' வரை நடந்து, அங்கே வெண்பனியைத் தவிர வேறெதையும் காணாமல் திரும்பிய என் நண்பர் ஒருவர் மூன்று நாட்கள் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. முப்பது ஆண்டுகளாகக் கனடாவில் வாழ்பவர். கடந்த ஓகஸ்டில், பிள்ளைகளின் பாடசாலை விடுமுறையை ஒட்டிக் குடும்பத்தோடு வந்திருந்தார். அழைத்துச் சென்றவன் நான். ஆகவே பனிமூட்டத்துக்கும் நானே பொறுப்பாளி.

அவருடைய முறைப்பாடுகள் இரண்டு. வெளிநாட்டுக் கடவுச்சீட்டு வைத்திருப்போரிடம் உள்நாட்டவரைவிடப் பன்மடங்கு கட்டணம் அறவிடுகிறார்கள் என்பது ஒன்று. அவ்வளவு வாங்கியும் 'ஒன்றையும் காட்டவில்லை' என்பது மற்றது. முதலாவதைப் பற்றி நான் வாதாட மாட்டேன். பிறந்த நாட்டிலேயே அந்நியனுக்குரிய விலையைக் கொடுக்க நேர்வது எப்படி வலிக்கும் என்பதை அறிவேன். 1983க்குப் பின் இங்கிருந்து போனவர்களில் விரும்பிப் போனவர்கள் எத்தனை பேர்?

இரண்டாவது முறைப்பாட்டோடுதான் எனக்குச் சண்டை. காரணம், அது அவருடைய முறைப்பாடு மட்டுமல்ல. அன்று அந்த மலைவிளிம்பில் எங்களோடு நின்ற நூற்றுக்கு மேற்பட்டோரில் பெரும்பாலானவர்கள் மூன்று மொழிகளிலும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காசு வீண். நாள் வீண். நடை வீண்.

எது வீண்? 'உலக முடிவு' என்பது 800 மீற்றருக்கும் அதிகமாகச் செங்குத்தாக இறங்கும் ஒரு பாறைச்சரிவு. வானம் தெளிந்த காலையில் அங்கே நின்றால் கீழே தேயிலைத் தோட்டங்களும் அவற்றுக்கப்பால் தாழ்நிலமும் விரிவதைக் காணலாம். நானும் கண்டிருக்கிறேன், மறக்க முடியாத காட்சிதான். அதைக் காண விரும்புவோர் ஜனவரி முதல் மார்ச் வரையான காலத்தில், விடிகாலையில் வாயில் திறந்ததும் உள்ளே போய், ஒன்பது மணிக்குள் விளிம்பை அடைந்துவிட வேண்டும். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் ஓகஸ்டில், நுவரெலியாவில் ஆறுதலாகக் காலையுணவை முடித்துக்கொண்டு பதினொரு மணிக்குப் போய் நின்றால் பனிதான் இருக்கும். இதை நான் நண்பரிடம் முன்னரே சொன்னேன். கனடாவில் பள்ளிகளுக்கு ஓகஸ்டில்தான் விடுமுறை என்றார். அதற்கு மலை என்ன செய்யும்?

ஆனால் என் வாதம் பருவகாலத்தைப் பற்றியதன்று. காட்சியை மறைத்த குற்றவாளியாக அந்தப் பனியைப் பார்க்கிறோமே, அதுதான் என்னை உறுத்துகிறது. 2,100 மீற்றருக்கு மேல் இருக்கும் அந்தக் காடு முகிற்காடு. முகில் வந்து மரங்களின் மீது மோதுகிறது. இலைகளிலும், கிளைகளைப் போர்த்தியிருக்கும் பாசியிலும் ஈரம் படிந்து, துளியாகித் தரைக்கு இறங்குகிறது. மழையே பெய்யாத நாளிலும் காடு இவ்வாறு வானத்திலிருந்து தண்ணீரைக் கறந்துகொண்டிருக்கிறது. மகாவலிக்கும் களனிக்கும் வளவைக்கும் நீர் கொடுக்கும் ஊற்றுக்கண்கள் அங்கே இருப்பது தற்செயலல்ல. கொழும்பு வீடுகளின் குழாயில் வரும் களனி நீரிலும், மூதூருக்கு அருகே கொட்டியாரக் குடாவில் கடலோடு கலக்கும் மகாவலியிலும் அந்தப் பனியின் பங்கு இருக்கிறது. காடு தன் வேலையைச் செய்துகொண்டிருந்த நேரத்தில் நாங்கள் போய் நின்று, அது வேலை செய்கிறதே என்று கோபித்துக்கொண்டோம்.

இதைப் பெரியவர்கள் எவரும் கவனிக்கவில்லை. நண்பரின் பத்து வயது மகள்தான் கவனித்தாள். திரும்பி வரும் வழியில் புல்வெளியைக் கடந்து மரங்களுக்குள் நுழைந்தபோது அவள் நின்றுவிட்டாள். "மாமா, வெளியில நிண்டா நனையேல்ல, மரத்துக்குக் கீழ நிண்டா நனையிறம். ஏன்?" என்று கேட்டாள். குடையை எங்கே விரிக்க வேண்டும் என்பதே தலைகீழாகிவிட்ட இடம் அது. அந்தக் கேள்விக்கு விடை சொல்ல நான் வாய் திறந்தபோது, நேரம் போகிறது, வானுக்கு வா என்று தகப்பன் அழைத்துவிட்டார்.

பழியை நண்பர் மீது மட்டும் சுமத்துவது அநீதி. எங்கள் தொழிலுக்கும் இதில் பங்குண்டு. இளம் உதவி ஆசிரியனாக இருந்த காலத்தில் 'இயற்கை எழில் கொஞ்சும்' என்ற தொடரை எத்தனை படங்களுக்குக் கீழே எழுதினேன் என்று கணக்கில்லை. நீர்வீழ்ச்சியா, எழில் கொஞ்சும். மலைமுகடா, எழில் கொஞ்சும். படத்தைத் தாண்டி அந்த இடத்தில் என்ன இருக்கிறது என்று ஒரு வரி எழுத வேண்டும் என்ற எண்ணம் எனக்கும் வரவில்லை, என் ஆசிரியருக்கும் வரவில்லை. போதாக்குறைக்கு 'உல்லாசப் பயணம்' என்றொரு சொல்லை அரச அலுவலகங்களும் பத்திரிகைகளும் சேர்ந்து இந்நாட்டுத் தமிழில் நிலைநிறுத்தின. உல்லாசத்துக்குப் போகிறவன் உல்லாசத்தைத்தானே எதிர்பார்ப்பான்?

அதே நாள் மாலையில் அம்பேவெல பாற்பண்ணைப் பக்கம் போனோம். பச்சைப் புல், கொழுத்த பசுக்கள், சுழலும் காற்றாலைகள். நண்பரின் முகம் முதன்முறையாக மலர்ந்தது. 'அச்சொட்டா நியூசிலாந்து மாதிரி இருக்கு' என்றார். நம்மவர்கள் எல்லோரும் அதைத்தான் சொல்கிறார்கள். 'குட்டி நியூசிலாந்து' என்பதே அந்த இடத்தின் விளம்பரப் பெயராகிவிட்டது. நுவரெலியாவோ நெடுங்காலமாகக் 'குட்டி இங்கிலாந்து'. காடு காடாக இருக்கும் இடத்தில் ஒன்றும் இல்லையென்று சலித்துக்கொண்டவர், மேய்ச்சல் நிலத்தைக் கண்டதும் இயற்கையைக் கண்டுவிட்டதாக மகிழ்ந்தார். வேறொரு நாட்டைப் போல இருந்தால்தான் நம் கண்ணுக்கு அழகு தென்படும் போலும்.

இந்த மலைநாட்டில் காடு மிஞ்சியதே பெரும்பாடு. கோப்பிக்காகவும் பின்னர் தேயிலைக்காகவும் ஆங்கிலேயர் மலைமலையாக மொட்டையடித்துக்கொண்டு மேலேறினார்கள். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் 5,000 அடிக்கு மேலுள்ள காடுகளைத் தொடாமல் விடுமாறு ஆலோசனை கூறியிராவிட்டால், அந்த உச்சியிலும் இன்று தேயிலையே நின்றிருக்கும். அதன் பிறகும் நாம் சும்மா இருக்கவில்லை. 1960களில் அந்தச் சமவெளியில் உருளைக்கிழங்கு பயிரிட்டோம். 1969இல் சரணாலயம், 1988இல் தேசியப் பூங்கா, 2010இல் மத்திய மலைநாட்டின் ஓர் அங்கமாக உலக மரபுரிமை என்று பட்டங்கள் ஏறின. யானைகள் வேட்டையாடி ஒழிக்கப்பட்டுவிட்ட அந்த வெளியில் எஞ்சியிருக்கும் பெருவிலங்குகளில் மரைதான் எவர் கண்ணுக்கும் எளிதில் படுவது. அதற்கும் நாம் பிஸ்கட் நீட்டிப் பழக்கிவிட்டோம். வாகனத் தரிப்பிடத்துக்கு வந்து கையேந்தி நிற்கும் மரையைப் பார்த்துக் குழந்தைகள் கைதட்டுகின்றன. வயிற்றில் பொலித்தீனோடு செத்துக் கிடந்த மரைகளைப் பற்றிய செய்திகளைப் பத்திரிகைகள் வெளியிட்டிருக்கின்றன. படித்தவர்கள்தாம் அடுத்த வாரம் பிஸ்கட்டோடு போகிறார்கள்.

நுழைவாயிலில் உத்தியோகத்தர்கள் பைகளைத் திறந்து பொலித்தீன் உறைகளை அகற்றுவதும் நண்பருக்கு அவமானமாகப் பட்டது. 'எங்களைக் கள்ளரைப் போல் நடத்துகிறார்கள்' என்றார். நான் அந்த உத்தியோகத்தர்களின் பக்கம். இந்நாட்டில் அரச ஊழியர் ஒருவர் தமது கடமையைக் குளிரில் நின்று ஒழுங்காகச் செய்வதைப் பார்ப்பது எனக்கு ஆறுதலாகவே இருந்தது.

அடுத்து வந்தது பான்ஃப். கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் கேபிள் காரில் ஏறி மலையுச்சிக்குப் போகலாம், உணவகம் இருக்கிறது, வயோதிபரும் பார்க்கலாம், இங்கே ஏன் அப்படியொன்றைக் கட்டக்கூடாது என்று கேட்டார். வாயிலுக்கு வெளியே துப்புரவான கழிவறைகள் வேண்டும், பிழையில்லாத தமிழில் அறிவித்தல் பலகைகள் வேண்டும் என்று கேட்டிருந்தால் அவரோடு சேர்ந்து நானும் மனுவில் கையொப்பமிட்டிருப்பேன். ஆனால் பான்ஃப் 6,600 சதுர கிலோமீற்றருக்கும் அதிகமான பரப்பு. ஹோட்டன் சமவெளி ஏறத்தாழ 3,160 ஹெக்டெயர், அதாவது 32 சதுர கிலோமீற்றருக்குள். இருநூறு மடங்குக்கு மேற்பட்ட வித்தியாசம். யானைக்குப் போடும் அம்பாரியை ஆட்டுக்குட்டியின் முதுகில் ஏற்றச் சொல்கிறீர்கள் என்றேன். அதற்கு அவர் பதில் சொல்லவில்லை. நான் முன்பு குறிப்பிட்ட மூன்று நாள் மௌனம் அங்கேதான் தொடங்கியது.

இன்னொன்றையும் இங்கே எழுதியாக வேண்டும். எங்களை ஏற்றிச் சென்ற வான் சாரதி நுவரெலியாப் பக்கத்துத் தோட்டமொன்றைச் சேர்ந்த இளைஞர். பட்டிப்பொலயைத் தாண்டி இறங்கும்போது தலையில் விறகுக்கட்டோடு இரண்டு பெண்கள் வீதியோரமாக நடந்து போனார்கள். நண்பரின் மனைவி அவர்களைப் படமெடுத்தார். பூங்காவுக்குள் போய் ஒரு சுள்ளி பொறுக்கினாலும் வழக்குத்தான் என்று சாரதி சொன்னார். சட்டம் அப்படித்தான் இருக்க வேண்டும், நான் மறுக்கவில்லை. ஆயினும் லயன் அறையில் அடுப்பெரிக்க வழியில்லாதவரின் சுள்ளிக்கு வழக்கு, வாகனத்தில் வந்து மரைக்குப் பிஸ்கட் கொடுப்பவருக்கு வெறும் எச்சரிக்கை என்றால், காட்டைக் காக்கும் பாரத்தை யாருடைய தலையில் ஏற்றியிருக்கிறோம்?

பனியைப் பற்றி நண்பர் மீண்டும் புலம்பத் தொடங்கியபோது சாரதி கண்ணாடியில் அவரைப் பார்த்துச் சிரித்தார். "இந்தப் பனி இல்லாட்டி எங்க லயத்துப் பீலியில தண்ணி ஏதுங்க ஐயா? பனி கொறைஞ்ச வருசம் பொம்பளைங்க கொடத்தோட ஒரு மைலு நடப்பாங்க" என்றார்.

வானுக்குள் சற்று நேரம் பேச்சில்லை. பின்னிருக்கையில் சிறுமி மட்டும் சாரதியிடம், அப்படியென்றால் மரத்துக்குக் கீழே நனைந்தது மழை இல்லையா என்று கேட்டாள். இல்லை என்றார் அவர். பிறகு, நுவரெலியா வந்து சேரும் வரை, எனக்குத் தெரிந்ததைவிட நன்றாக அவளுக்கு அதை விளக்கிக்கொண்டே வந்தார்.