முதல் தப்பு ஜெல்லியில் நடக்கட்டும்

என் பேரன் போன வருஷம் கார் லைசென்ஸ் எடுத்தான். முதலில் சர்க்கிட்டில் பழக விட்டார்கள். மேட்டில் நிறுத்தி எடுக்கும்போது வண்டி பின்னால் உருண்டது. பார்க்கிங்கில் கம்பைத் தட்டினான். யாருக்கும் காயமில்லை. அதெல்லாம் சரியான பிறகுதான் சாலை. ரிங்லெட்டிலிருந்து தாப்பாவுக்கு 40 கிலோமீட்டருக்கு மேல் வளைந்து வளைந்து இறங்கும் எங்கள் மலை ரோட்டில் அவன் பக்கத்தில் உட்கார எனக்குத் தைரியம் வந்தது அதனால்தான்.

30 வருஷம் பிரசவ வார்டில் மிஸியாக இருந்தவள் நான். என் காலத்தில் புது டாக்டர்கள் ஸ்கேன் பழக சர்க்கிட் எதுவும் கிடையாது. எடுத்த எடுப்பில் சாலைதான். சாலை என்பது ஒரு பெண்ணின் வயிறு.

சமவெளியில் ஒரு மருத்துவமனையில் நடந்தது. முழுகாமல் இருந்து இரண்டு மாதமான தோட்டத்துப் பெண். ஹவுஸ்மன் டாக்டருக்கு அந்தப் பிரிவில் முதல் வாரம். ஜெல்லைத் தடவி, புரோப்பை இப்படியும் அப்படியும் நகர்த்தினார். ஸ்கிரீன் முழுக்கச் சாம்பல் நிறம். அழுத்திப் பார்த்தார். நெற்றி வியர்த்ததே தவிர வாய் திறக்கவில்லை. அந்தப் பெண் ஸ்கிரீன் பக்கமே திரும்பாமல் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "மிஸி, புள்ளைக்கு ஏதும் ஆயிருச்சா?" என்று என் கையைப் பிடித்தாள். பெரிய டாக்டர் வந்து மணிக்கட்டைக் கொஞ்சம் சாய்த்தார். துடிப்பு தெரிந்தது. பிள்ளைக்கு ஒன்றுமில்லை. ஆனால் அதற்குள் அவள் மனசுக்குள் பிள்ளையைப் பறிகொடுத்து அழுது முடித்திருந்தாள்.

அந்த டாக்டரை நான் குறை சொல்லமாட்டேன். கண் ஸ்கிரீனில், கை வயிற்றில் இருக்க, இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கை இம்மி சாய்ந்தால் படமே மாறிவிடும். இதைப் பழகத்தான் சிமுலேட்டர்: ரப்பர் வயிறு வைத்த பொம்மை, சென்சர் பொருத்திய புரோப், கை போகும் போக்குக்குப் படம் காட்டும் கணினி. கருக்குழாயில் தங்கிய கரு, கீழே இறங்கிய நஞ்சு என்று 4 மாதப் போஸ்டிங்கில் கண்ணிலேயே படாமல் போகக்கூடியதையெல்லாம் அதில் திரும்பத் திரும்பப் பார்க்கலாம். சிமுலேட்டரில் பழகியவர்கள் உள்வழியாக ஸ்கேன் செய்தபோது பெண்கள் பட்ட சிரமம் குறைந்ததாக டென்மார்க்கில் நடந்த ஆய்வு சொல்கிறது. மலைமேல் இருப்பவர்களுக்கு இன்னொரு கவலையும் உண்டு. ஆம்புலன்ஸ் இந்த ராத்திரியே இறங்குவதா, விடியட்டும் என்று இருப்பதா என்பது பல சமயம் ஸ்கேன் பார்த்தவர் வார்த்தையில்தான் நிற்கிறது.

பொம்மை விலை அதிகம் என்பார்கள். உண்மைதான். ஆனால் ஸ்கேன் கருவியின் கதையே எளிமையாகத் தொடங்கியதுதான். 1955இல் கிளாஸ்கோ டாக்டர் இயன் டொனால்ட், அறுவையில் எடுத்த கட்டிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு ரென்ஃப்ரூவில் இருந்த பாய்லர் தொழிற்சாலைக்குப் போனார். இரும்பில் விரிசல் தேடும் கருவியை அவற்றின் மேல் வைத்துப் பார்த்தார். ஒப்பிட்டுப் பார்க்க, தொழிற்சாலைக்காரர்கள் ஒரு மாட்டிறைச்சித் துண்டைக் கொடுத்தார்கள். லான்செட் இதழில் அவர் கட்டுரை வந்தது 1958இல்.

நமக்கு அகார் அகார் போதும். கெட்டியாகக் காய்ச்சி, இசப்கோல் கலந்து, ரப்பர் கையுறையின் விரலில் தண்ணீர் நிரப்பிக் கட்டி உள்ளே போட்டு உறைய விடுங்கள். இசப்கோல் சதை மாதிரி சாம்பலாகத் தெரியும். தண்ணீர், நீர்க்கட்டி மாதிரி கறுப்பாகத் தெரியும். மெஷின் சும்மா இருக்கும் மத்தியானத்தில் புது டாக்டர் அதைத் தேடிப் பழகட்டும்.

பொம்மை வெட்கப்படாது, பயப்படாது, அதனிடம் என்ன கற்க முடியும் என்று கேட்பவர்கள் உண்டு. கை பழகியவருக்குத்தான் முகத்தைப் பார்க்க நேரம் கிடைக்கும் என்பதே என் பதில்.

இன்று சில மருத்துவக் கல்லூரிகளில் இந்தப் பொம்மைகள் வந்துவிட்டன. சுகாதார அமைச்சுக்கு என் கோரிக்கை இதுதான்: மகப்பேறு பிரிவுக்கு வரும் ஒவ்வொரு ஹவுஸ்மனும், பொம்மையிலோ ஜெல்லியிலோ தேறியதாக மூத்தவர் கையெழுத்துப் போட்ட பிறகே நோயாளியைத் தொடட்டும். தொடும்போது, "நான் பழகிக்கொண்டிருக்கிறேன், நேரமானால் பயப்படாதீர்கள்" என்று ஒரு வார்த்தை சொல்லட்டும். என் பேரனே 2 வருஷத்துக்குக் காரில் பி ஸ்டிக்கர் ஒட்டித்தான் ஓட்டுகிறான். அந்தப் பெண்ணிடமும் யாராவது முன்கூட்டிச் சொல்லியிருந்தால், டாக்டர் பேசாமல் இருந்ததைப் பிள்ளைக்குப் பேச்சுமூச்சில்லை என்று எடுத்திருக்க மாட்டாள்.