பட்டாளத்துப் பழந்துப்பாக்கியா நமக்குப் பெருமை?



பாறசாலைக் கூட்டம் முடிந்ததும் ஒரு தம்பி கைப்பேசியை நீட்டினான். அமெரிக்கர் ஒருவர் பழைய 303 ரைபிளால் தகரப் பலகையைச் சுட்டுக்கொண்டிருந்தார். "அண்ணே, வெள்ளைக்காரன் பட்டாளத்துத் துப்பாக்கி. அங்கே கடையிலே கிடைக்குது. நாமளும் ஒண்ணு வாங்கி வச்சா என்ன?" என்றான்.

கூடாது தம்பி! எல்லோரும் கேட்கவே சொல்கிறேன்.

1919 ஏப்ரல் 13 அன்று ஜாலியன்வாலாபாக்கில் நிராயுதபாணி மக்கள் மீது 1,650 தோட்டாக்களைக் கக்கியது இந்த 303தான். 2020 குடியரசு தின அணிவகுப்போடு உத்தரப் பிரதேசப் போலீசே இதற்கு விடைகொடுத்துவிட்டது. போலீஸ் கழித்த சாமானுக்கு நாம் ஆரத்தி எடுப்பதா?

சட்டத்தையும் கேளுங்கள். நம் நாட்டில் 303 தடைசெய்யப்பட்ட வகை. ஒன்றிய அரசின் தனி அனுமதி வேண்டும். அனுமதியின்றி வைத்திருந்தால், 2019 திருத்தத்தின்படி 7 முதல் 14 ஆண்டு வரை சிறை! கூலி வேலைக்குப் போகிறவன் உள்ளே போனால் அடுப்பில் உலை வைப்பது யார்? எல்லையில் சந்தேகம் முதலில் யார் மீது விழும்?

"1878இல் வெள்ளையன் சட்டம் போட்டு இந்தியனை நிராயுதபாணி ஆக்கினானே, துப்பாக்கி நம் உரிமை அல்லவா?" என்பார்கள். அது அநீதிதான், மறுக்கவில்லை. ஆனால் கட்டுப்பாடில்லாத சந்தையால் வந்த பலன் என்ன? 1963இல் கென்னடியைக் கொன்றது இத்தாலியப் பட்டாளம் கழித்த பழைய ரைபிள். தொலைநோக்கியோடு 20 டாலருக்கும் குறைந்த விலையில் தபாலில் வாங்கியது! 1968இல்தான் அந்த வழி அடைபட்டது.

நம் மண்ணைப் பாருங்கள். 1938 ஆகஸ்ட் 31 அன்று நெய்யாற்றின்கரையில் பொறுப்பாட்சி கேட்டவர்களைச் சுட்டார்கள். வீரராகவன் உள்ளிட்டோர் மடிந்தனர். 1954 ஆகஸ்ட் 11 அன்று மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் தாய்த் தமிழகத்தோடு இணையக் கேட்ட தமிழரைச் சுட்டார்கள். அங்கே மலையாளி, இங்கே தமிழன். குண்டுக்கு மொழி ஏது? சொந்தக் கட்சி ஆட்சி சுட்டதற்கே பதவி விலகச் சொன்னார் லோகியா. பட்டம் தாணுப்பிள்ளை விலகவில்லை.

1956 நவம்பர் 1 அன்று குமரி இணைந்தது துப்பாக்கியாலா? மறியலாலும் வாக்குச்சீட்டாலும் அல்லவா? நெய்யாற்றின்கரை இந்தப் பக்கமே நின்றது. நம் பிள்ளைகளின் தமிழ் வகுப்புக்காக இன்றும் மனு எழுதுகிறோம்.

குறி பார்த்துச் சுடும் ஆசை இருந்தால் முறையான ரைபிள் கிளப் உண்டு; அது விளையாட்டு, போகட்டும். பழைய பட்டாளத் துப்பாக்கி மீது பக்தி மட்டும் வேண்டாம்! அது நம்மைக் காத்த ஆயுதம் அல்ல, நம்மை நோக்கி நீண்ட ஆயுதம்.

தம்பி, அந்தப் பணத்தில் தங்கைக்குப் புத்தகம் வாங்கு. அடுத்த கூட்டத்துக்கு அவளையும் அழைத்து வா!