தீனி மேலே... தரை கீழே!

நெல் விளையும் நம் தா.பழூர் பக்கத்தில் குருவிக்குத் தீனி வைப்பது புதுப் பழக்கமல்ல. அந்தக் காலத்தில் நெற்கதிரைக் குஞ்சமாகக் கட்டி வாசலில் தொங்கவிடுவார்கள். குருவி கொத்தும், உமி உதிரும். விடிந்ததும் வீட்டுப் பெண்கள் வாசல் தெளித்துப் பெருக்கிவிடுவார்கள். தீனியும் இருந்தது, சுத்தமும் இருந்தது.

இப்போது? 2010 முதல் மார்ச் 20 சிட்டுக்குருவி தினம். கடையில் தீனிக் குடுவை வாங்கித் தோட்டத்தில் மாட்டுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் அதன் கீழே ஒரு தடவையாவது குனிந்து பார்த்தீர்களா?

சிந்திய கம்பு முளைத்திருக்கும். அதற்கு நடுவில் கோரை, நாயுருவி, பூஞ்சை பிடித்த தானியம், எச்சம். தானியம் இருந்தால் எலி வரும். எலியைத் தேடிப் பாம்பு வரும். ஐப்பசி, கார்த்திகை அடைமழையில் எலியின் சிறுநீர் கலந்த ஈர மண்ணைக் குழந்தை வெறுங்காலோடு மிதித்தால், காலில் சின்னச் சிராய்ப்பு போதும், எலிக்காய்ச்சல் வர வாய்ப்புண்டு.

"கீழாநெல்லியும் குப்பைமேனியும் மூலிகையாச்சே, அதைப் போய் களை என்கிறீர்களே டாக்டர்?" என்று கேட்பீர்கள். மூலிகைதான், ஆனால் முளைத்த இடம் முக்கியம். பறவை எச்சத்தில் சால்மோனெல்லா போன்ற கிருமிகள் இருக்கலாம். அங்கே பறித்ததைப் பச்சையாக அரைத்து மோரில் கலந்து குடித்தால் மருந்தே வினையாகும். பார்த்தீனியம் முளைத்தால் இன்னும் மோசம். தோல் அரிப்பு, மூச்சிரைப்பு இரண்டும் அதனால் வரும். பூக்குமுன் கையில் உறை மாட்டிக்கொண்டு வேரோடு பிடுங்குங்கள்.

காய்ந்த எச்சத்தூள் நாள்தோறும் மூச்சில் போனால் சிலருக்கு நுரையீரலில் ஒவ்வாமை வந்து, விடாத இருமலும் இளைப்புமாகப் படுத்திவிடும். மும்பை தாதரில் புறாக்களுக்குத் தீனி போடும் கபூதர்கானாவை 2025 ஆகஸ்டில் மாநகராட்சி தார்ப்பாய் போட்டு மூடியது இந்தக் கவலையால்தான். நம் வீட்டுக்கு வரும் நாலு குருவியும் அங்கே குவிந்த புறாக்களும் ஒன்றல்ல. ஆனாலும் வீட்டில் ஆஸ்துமாக்காரர் இருந்தால் கவனம் தேவை.

பறவைக்கும் அழுக்குத் தீனி ஆபத்துதான். பிரிட்டனில் 2005 முதல் டிரைக்கோமோனாஸ் என்ற கிருமியால் வரும் தொண்டை நோய் பரவி, கிரீன்ஃபின்ச் என்ற குருவி இனம் வெகுவாகக் குறைந்தது. அங்குள்ள பறவைப் பாதுகாப்புச் சங்கம் 2025இல் தட்டையான தீனி மேடைகளின் விற்பனையையே நிறுத்திவைத்தது.

அதற்காகத் தீனியை நிறுத்தச் சொல்லவில்லை. இப்படிச் செய்யுங்கள்:

முழுக் கம்புக்குப் பதில் அரிசிக் குருணை வையுங்கள். அது முளைக்காது. காலையில் ஒரு கைப்பிடி போதும். மாலைக்குள் தீர்ந்துவிட வேண்டும். மிச்சமிருந்தால் மறுநாள் அளவைக் குறையுங்கள்.

குடுவையைச் சிமெண்டுத் தரைக்கு மேலே மாட்டுங்கள். மண் தரையென்றால் கீழே அகலமான தாம்பாளம் வையுங்கள். அந்தி சாயுமுன் சிந்தியதை அள்ளிவிட்டால் எலிக்கு வேலை இல்லை. கிணறு, துளசி மாடம், கீரைப் பாத்தி அருகே வேண்டவே வேண்டாம்.

காய்ந்த எச்சத்தை அப்படியே பெருக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, மூக்கில் துணி கட்டிக்கொண்டு கூட்டுங்கள். பிறகு கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

களைக்கொல்லி அடிக்காதீர்கள். குருவி அந்த மண்ணைத்தான் கொத்துகிறது. மழை பெய்த மறுநாள் மண் இளகியிருக்கும். கையால் பிடுங்கினாலே வந்துவிடும். தண்ணீர்க் கிண்ணத்தை நாள்தோறும் தேய்த்துக் கழுவி நிரப்புங்கள். இல்லையேல் டெங்கு கொசுவுக்குத் தொட்டில் கட்டிய கதைதான்.

என் அபிப்பிராயம் இதுதான். தினம் பத்து நிமிடம் கீழே கூட்ட முடிந்தவர்கள் மட்டும் மேலே தீனி வையுங்கள். முடியாதவர்கள் தோட்டத்து மூலையில் ஒரு மாதுளையோ மருதாணியோ நட்டுவிடுங்கள். குருவி தானாக வந்து உட்காரும். அதன் கீழே குழந்தை பயமில்லாமல் விளையாடும்.