துண்டுக் காட்சியும் முழுப் படமும்



சகோதரி ஒருவர் மடல் எழுதியிருக்கின்றார். அவருடைய பதினைந்து வயது மகன் கொலை, கடத்தல், உயிர்ப் போராட்டம் ஆகியவற்றைக் காட்டும் படங்களின் காட்சிகளையே கைபேசியில் ஓயாது பார்க்கின்றானாம். கண்டித்தால், "எல்லாம் பேர்பெற்ற இயக்குநர்களின் படங்கள்தாமே உம்மா!" என்கின்றானாம். தடுப்பதா, விடுவதா என்பது அந்தத் தாயின் கவலை. நம்மில் பலருடைய வீட்டுக் கவலையும் இதுவே அன்றோ?

இதற்கு விடையாக, உலகம் போற்றிய இரண்டு படங்களைப் பற்றிக் கூற விரும்புகின்றேன்.

ஜப்பானிய இயக்குநர் அகிரா குரோசவாவின் படமொன்று 1963 மார்ச் மாதம் வெளிவந்தது. ஆங்கிலத்தில் 'ஹை அண்ட் லோ' என்று வழங்கும் அப்படத்தின் ஜப்பானியப் பெயருக்குச் 'சொர்க்கமும் நரகமும்' என்று பொருள். யோகோஹாமா நகரில் குன்றின்மேல் வாழும் காலணி நிறுவன அதிகாரி ஒருவர், உடைமை அனைத்தையும் அடகு வைத்து நிறுவனப் பங்குகளை வாங்க முனைகின்றார். அந்நேரத்தில், அவருடைய மகனைக் கடத்திவிட்டதாகத் தொலைபேசி வருகின்றது. மூன்று கோடி யென் கேட்கின்றான் கயவன். ஆனால் அவன் தவறுதலாகத் தூக்கிச் சென்றிருப்பதோ, அதிகாரியின் கார் ஓட்டுநருடைய மகனை!

தம் பிள்ளைக்காக எதையும் தரத் துணிந்த அம்மனிதர், பிறர் பிள்ளை என்றதும் தயங்குகின்றார். கொடுத்தால் தம் வாழ்வே சரியும் என்பதை அறிவார். மனைவி மன்றாடுகின்றாள், ஓட்டுநர் காலடியில் பணிந்து கெஞ்சுகின்றார். இறுதியில் பணத்தைக் கொடுக்கின்றார். சிறுவன் மீள்கின்றான், அவரோ பதவியையும் வீட்டையும் இழக்கின்றார். பிறர் பிள்ளையின் உயிருக்கு நாம் என்ன விலை மதிக்கின்றோம் என்பதே அப்படத்தின் கேள்வி. குழந்தைக் கடத்தலுக்கு அந்நாளில் விதிக்கப்பட்ட தண்டனை போதாது என்ற சினமும் குரோசவாவை இப்படம் எடுக்கத் தூண்டியது.

பின்னர் நடந்ததைக் கேளுங்கள். அதே மார்ச் மாத இறுதியில், டோக்கியோ நகரில் நான்கு வயதுச் சிறுவன் ஒருவன் உண்மையிலேயே கடத்தப்பட்டான். கேட்ட பணத்தைப் பெற்றோர் கொடுத்தும் பிள்ளை திரும்பவில்லை, அவன் கொல்லப்பட்டிருந்தான். 1965 ஆம் ஆண்டு பிடிபட்ட குற்றவாளி, குரோசவா படத்தின் முன்னோட்டக் காட்சிகளைக் கண்டே தனக்கு அந்த எண்ணம் தோன்றியதாகக் கூறினான். இதற்கிடையே 1964 ஆம் ஆண்டு ஜப்பானியச் சட்டம் திருத்தப்பட்டது. பிணைப்பணம் கேட்டுக் கடத்துவோருக்கு ஆயுள் தண்டனை வரை விதிக்க வழி பிறந்தது.

முன்னோட்டம் என்பது யாது? ஆவலைத் தூண்டுவதற்கென்றே பொறுக்கியெடுத்த துண்டுகள்! துண்டில் தந்திரம் தெரியும். தந்திரத்தால் துடித்த நெஞ்சம் தெரியாது. முழுப் படத்தையும் கண்டிருந்தால் அக்கொடியவன் திருந்தியிருப்பான் என்று நான் கூறவில்லை. அவ்வாறு உறுதி கூற எவராலும் இயலாது. எனினும், நல்ல நோக்குடன் எடுத்த படமும் துண்டாகும்போது தன் நோக்கத்தை இழந்துவிடுகின்றது என்பதை மறுக்க இயலுமா?

இரண்டாவது, டேனி பாயில் இயக்கி 2010 ஆம் ஆண்டு வெளிவந்த '127 அவர்ஸ்'. இதற்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரஹ்மான். ஆரன் ரால்ஸ்டன் என்ற மலையேறும் இளைஞர் 2003 ஆம் ஆண்டு அமெரிக்காவின் யூட்டா மாநிலப் பாறைப் பிளவொன்றில் தனியே சென்றார். சரிந்த பாறை ஒன்று அவருடைய வலக்கையைச் சுவரோடு சேர்த்து நசுக்கிப் பிடித்துக்கொண்டது. ஐந்து நாள்களுக்கு மேல் சிக்கிக் கிடந்த பின், மழுங்கிய கத்தியால் தம் கையையே அறுத்துக்கொண்டு உயிர் மீண்டார்.

படம் வெளிவந்தபோது, அந்த அறுக்கும் காட்சியைக் கண்டு மயங்கி விழுந்தோரைப் பற்றியே பெரிதும் பேசப்பட்டது. அத்துண்டை மட்டும் கண்ட பிள்ளை எதைக் கற்கும்? குருதியைக் கண்டு கூசாதிருக்கக் கற்கும்! முழுப் படமோ வேறொன்றைக் கூறுகின்றது. தாம் எங்கே செல்கின்றோம் என்பதை அவர் எவரிடமும் சொல்லவில்லை. ஆதலால் தேடி வர ஆளில்லை. பிளவுக்குள் கிடந்தபடி, கையிலிருந்த சிறு படக்கருவியில் பெற்றோருக்கு விடை கூறுகின்றார். இன்றும் அவர் மலையேறச் செல்கின்றார், ஆனால் செல்லுமிடத்தை எழுதி வைத்துவிட்டே செல்கின்றார் என்ற செய்தியுடன் படம் நிறைவுறுகின்றது. "எங்கே போகிறாய் என்று சொல்லிவிட்டுப் போ" என நாம் வாசலில் நின்று நாள்தோறும் கூறுவது அதுவே அல்லவா?

ஆகவே, மடல் எழுதிய சகோதரிக்கு என் விடை இது. இயக்குநரின் புகழ் நற்சான்று ஆகாது. குற்றப் படம் என்பதாலேயே அது நஞ்சும் ஆகாது. சிறு பிள்ளைகளுக்கு இவை வேண்டவே வேண்டா. வளர்ந்த மகனுக்கோ, துண்டுத் துண்டாகப் பார்ப்பதைத் தடுங்கள். அவன் போற்றும் படத்தை முதலில் வாப்பாவோ நீங்களோ முழுமையாகப் பாருங்கள். தகுமெனக் கண்டால் அவனருகில் அமர்ந்து மீண்டும் பாருங்கள். முடிந்தபின் ஒரு கேள்வி கேளுங்கள்: "இந்தக் குற்றத்துக்கு விலை கொடுத்தவர் யார்?"

விடை சொல்ல அவன் தடுமாறினால் கடிந்துகொள்ளாதீர்கள். பிறர் துன்பத்தை அவன் எண்ணத் தொடங்கிவிட்டான் என்று மகிழுங்கள்.