தாண்டிக்குடி காபியும் உடன்குடி கருப்பட்டியும்

'தாண்டிக்குடி மலைக் காபிக்கொட்டை வாங்கினோம். கருப்பட்டி போட்டதும் பால் திரிந்துவிட்டது. கொட்டையில் குறையா?'
- வாசகி, உடன்குடி.

கொட்டையில் குறையில்லை. கருப்பட்டியின் லேசான புளிப்பு, கொதிக்கும் பாலைத் திரித்துவிடும். கருப்பட்டியைத் தனியாகத் தண்ணீரில் காய்ச்சி, மண் போக வடிகட்டி, டிக்காஷனோடு கலக்க வேண்டும். இறக்கி வைத்து, சூடு சற்றுத் தணிந்த பாலைக் கடைசியில் ஊற்றினால் போதும்.

கீழ்ப்பழனி மலையில் மரநிழலில், மிளகுக்கும் வாழைக்கும் இடையே விளையும் அரபிகா இது. கருக வறுத்தால் மலையின் மணம் போய், கசப்புதான் மிஞ்சும். பழுப்பு நிறத்திலேயே இறக்கிவிட வேண்டும். சிக்கரி கலந்தாலும் தனி ருசி தெரியாது. கடைப்பொடியில் சந்தேகம் இருந்தால், ஒரு டம்ளர் பச்சைத்தண்ணீரில் தூவிப் பாருங்கள். காபி மிதக்கும், சிக்கரி நிறத்தை விட்டுக்கொண்டே மூழ்கும்.

கடற்காற்றின் ஈரத்தில் பொடி சீக்கிரம் மணம் இழக்கும். கால் கிலோ கொட்டையாக வாங்கி, அன்றன்றைக்கு அரையுங்கள். டிக்காஷனுக்கு உப்புக் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்.